எம்.எஸ். நோய்க்காகக் கழுத்துச் சிரையில் பலூன் வைக்கலாமா?

கேள்வியை மற்றவர்களும் தெரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 31 வயது. முதலில் ஒரு கண் மங்கியது, சில மாதம் கழித்து வலது கால் மரத்துப்போனது, எம்.ஆர்.ஐ. பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். இன்டர்ஃபெரான் ஊசி போட்டு வருகிறார். போட்டும் போன வருடம் ஒரு முறை நோய் திரும்ப வந்தது. இந்த நிலையில் உறவினர் ஒருவர் சொல்லி ஒரு தனியார் மையத்தில் கழுத்து டாப்ளர் எடுத்திருக்கிறீர்கள். "இடது ஜூகுலர் சிரையில் சுருக்கம், ரத்தம் பின்னோக்கி வருகிறது" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பலூன் வைத்து விரித்தால் நோய் நின்றுவிடும், ஊசியைக்கூட நிறுத்திவிடலாம் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். நகையையும் அடகு வைக்க வேண்டாம், ஊசியையும் நிறுத்த வேண்டாம். ரத்தக்குழாய் ஸ்கேன் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் வரிக்கு என்ன அர்த்தம், இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது, அதை எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்துப் பேச உங்களுக்கு அது தேவைப்படும்.

இந்த யோசனை பிறந்த இடம் இத்தாலியின் ஃபெராரா நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பாவ்லோ ஸம்போனி என்பவர் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். அவருடைய மனைவிக்கே எம்.எஸ். வந்தது. கால் சிரைகளில் ரத்தம் தேங்கினால் கணுக்காலில் தோல் கறுத்து, இரும்புச்சத்து படிந்து, புண் வருவதைப் பல வருடம் பார்த்தவர் அவர். மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரையும், முதுகுப்பக்கம் ஓடும் அசைகஸ் சிரையும் பிறவியிலேயே சுருங்கியிருந்தால், ரத்தம் திரும்ப மேலே தள்ளி, மூளையில் இரும்பு படிந்து, அதுவே எம்.எஸ். ஆகிவிடாதா என்று கேட்டார். இந்த நிலைக்கு சி.சி.எஸ்.வி.ஐ. என்று பெயர் வைத்தார். 2009-ல் வெளியான அவருடைய ஆய்வில் 65 எம்.எஸ். நோயாளிகள், எம்.எஸ். இல்லாத 235 பேர். ஸ்கேனில் ஐந்து அறிகுறிகள் வைத்துக்கொண்டு, இரண்டு இருந்தால் சி.சி.எஸ்.வி.ஐ. உண்டு என்று கணக்கு. எம்.எஸ். உள்ள அத்தனை பேருக்கும் அது இருந்தது, இல்லாதவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை என்று எழுதினார்.

மருத்துவத்தில் எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு வருவதில்லை. எனவே அந்த எண்ணைப் பார்த்ததும் என் போன்றவர்களுக்குச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் நோயாளிகளுக்கு நம்பிக்கை வந்ததில் தவறே இல்லை. எம்.எஸ். என்றால் உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது, ஏன் என்று முழுதாகத் தெரியாது, வாழ்நாள் முழுக்க மருந்து என்றுதான் அதுவரை கேட்டிருந்தார்கள். அடைத்த குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் ஓடும் என்பது யாருக்கும் புரிகிற விளக்கம். அதோடு, எம்.எஸ். நோய்க்கும் சிரைக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1863-லேயே ரிண்ட்ஃப்ளைஷ் என்ற ஜெர்மன் நோயியல் நிபுணர், மூளையில் எம்.எஸ். பாதித்த ஒவ்வொரு இடத்தின் நடுவிலும் ஒரு சின்ன ரத்தக்குழாய் ஓடுவதைக் கவனித்து எழுதினார். அது உண்மைதான். எதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் நுழைவது அந்தச் சின்னச் சிரைகளின் சுவர் வழியாகத்தான். இன்று எம்.ஆர்.ஐ.யில் அந்த நடுச்சிரையைத் தேடிப் பார்த்து, இது எம்.எஸ்.தானா வேறு நோயா என்று பிரிக்கிறோம். எம்.எஸ். நோயை உறுதிசெய்யப் பயன்படும், 2024-ல் திருத்தப்பட்ட மெக்டொனால்ட் விதிகளிலும் அந்த அடையாளத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மூளைக்குள் இருக்கும் முடி போன்ற சிரை வேறு, கழுத்தில் இருக்கும் பெரிய சிரை வேறு. முன்னதில் அணுக்கள் கசிகின்றன. அதற்கும் பின்னது அடைத்துக்கொள்வதற்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை.

2009 நவம்பரில் கனடாவின் சி.டி.வி. தொலைக்காட்சி இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டது. "விடுதலைச் சிகிச்சை" என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. எம்.எஸ். மிக அதிகமாக உள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று. அங்குள்ள மருத்துவமனைகள் ஆதாரம் இல்லாமல் செய்ய மறுத்ததால் ஆயிரக்கணக்கானவர்கள் ஃபேஸ்புக்கில் ஒன்றுசேர்ந்தார்கள், நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பவைத்தார்கள், சொந்தக் காசைப் போட்டு போலந்து, கோஸ்டா ரிகா, மெக்சிகோ என்று கிளம்பினார்கள். இந்தியாவுக்கும் வந்தார்கள். இங்கே சில இடங்களில் இன்னும் இதைச் செய்து தருகிறோம் என்று சொல்வதற்கு அந்தக் காலத்து விளம்பரங்களும் வீடியோக்களும்தான் மூலதனம். உங்கள் உறவினர் பார்த்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். அவர் அக்கறையால்தான் சொல்லியிருப்பார், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்த ரிப்போர்ட். கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தால் திரையில் இரண்டு வட்டங்கள் தெரியும். ஒன்று கரோடிட் தமனி. சுவர் தடித்து, உருண்டையாக, துடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே இருப்பது ஜூகுலர் சிரை. அதன் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. கருவியைக் கை கொஞ்சம் அழுத்தினாலே சிரை காணாமல் போய்விடும். "மூச்சை இழுங்கள்" என்றால் சுருங்கும். "முக்குங்கள்" என்றால் கட்டைவிரல் பருமனுக்கு உப்பும். தலையை மறுபக்கம் திருப்பச் சொன்னால் கழுத்துத் தசை வந்து அழுத்தி நடுவில் ஒடுங்கும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கு இரண்டு பக்கமும் மெலிந்துதான் தெரியும். எழுந்து உட்காரச் சொன்னால், படுத்திருந்தபோது நன்றாகத் திறந்திருந்த சிரை ஏறக்குறைய மூடிக்கொள்ளும். இது எல்லாமே ஆரோக்கியமான மனிதரிடம் நடப்பது. படுக்கும்போது மூளை ரத்தம் பெரும்பாலும் ஜூகுலர் வழியாக இறங்குகிறது, நிமிர்ந்தால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. உடல் தானாகவே வழியை மாற்றிக்கொள்கிறது.

இடது பக்கத்துக்கு என்று தனியாகவும் ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வலது ஜூகுலர்தான் பெரியது, இடது சிறியது. இடது சிரை நெஞ்சுக்குள் நுழைந்ததும், மார்பெலும்புக்கும் பெருந்தமனி வளைவுக்கும் இடையே குறுக்காகப் போகும் சிரையில் சேர்கிறது. அந்த இடம் இடுக்கானது. அங்கே அழுத்தம் கூடினால், ஜூகுலரின் அடியில் இருக்கும் வால்வு சரியாக மூடாதவர்களுக்கு ரத்தம் கொஞ்சம் பின்னோக்கி எட்டிப்பார்க்கும். எந்த நோயும் இல்லாத எத்தனையோ பேரிடம் இதைப் பார்க்கலாம். ஸம்போனியின் விதிப்படி 0.88 விநாடிக்கு மேல் ரத்தம் பின்னோக்கிப் போனால் அது கோளாறு. கருவி வைக்கிற கை, மூச்சு, படுத்த கோணம் இவற்றால் மாறுகிற ஓர் அளவை வைத்துக்கொண்டு மூளை நோயைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் தங்கையின் ரிப்போர்ட்டைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் திரையில் அப்படித் தெரிந்திருக்கும். அதே ஸ்கேனை உங்களுக்கு எடுத்தாலும் அப்படித் தெரிய வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கழுத்தில் அறுவை செய்யும்போது ஜூகுலர் சிரையையே வெட்டி எடுப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. முகம் வீங்கும், சிலருக்கு மூளையில் அழுத்தம் கூடும். ஆனால் சிரை போனதால் அவர்களுக்கு எம்.எஸ். வந்ததாக எங்கும் கண்டதில்லை. சுருங்கிய சிரை எம்.எஸ். நோயை உண்டாக்கும் என்றால், சிரையே இல்லாதவர்களுக்கு அது வந்து குவிந்திருக்க வேண்டும்.

முதல் ஆய்வு வெளியானதும் பல நாடுகளில் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பெர்லினில் 56 எம்.எஸ். நோயாளிகளைப் பார்த்த குழுவுக்கு ஒருவரிடம்கூட சி.சி.எஸ்.வி.ஐ. கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகக் குழு சுமார் 500 பேரைப் பார்த்தது. எம்.எஸ். உள்ளவர்களில் 56%, ஆரோக்கியமானவர்களில் 23%, வேறு நரம்பு நோய் உள்ளவர்களில் 42% பேருக்கு அது இருந்ததாகச் சொன்னது. ஒரே பரிசோதனை ஒரு ஊரில் 100, ஒரு ஊரில் 0, இன்னொரு ஊரில் 56 என்று காட்டினால் பரிசோதனையின் மீதே சந்தேகப்பட வேண்டும். இத்தாலியிலேயே காஸ்மோ என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஸ்கேன் படங்களை, யாருடையது என்று தெரியாத நிபுணர்களிடம் கொடுத்துத் திரும்பப் படிக்கவைத்தார்கள். எம்.எஸ். நோயாளிகளில் 3.26%, மற்ற நரம்பு நோயாளிகளில் 3.10%, ஆரோக்கியமானவர்களில் 2.13%. வித்தியாசமே இல்லை.

ஸ்கேன்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, நேரடியாகக் குழாய் விட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கனடாவில் வான்கூவர் நகரை மையமாக வைத்து அதையும் செய்தார்கள். எம்.எஸ். நோயாளிகள், அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், சம்பந்தமில்லாத ஆரோக்கியமானவர்கள் என்று மூன்று குழு. சிரைக்குள் மெல்லிய குழாயை விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். பாதிக்கு மேல் சுருக்கம் இருந்தது எம்.எஸ். நோயாளிகளில் 74%, உடன்பிறந்தவர்களில் 66%, மற்றவர்களில் 70% பேருக்கு. 2013-ல் லான்செட் இதழில் வந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்த எண்கள்தான். அந்தச் சுருக்கம் பத்தில் ஏழு பேருக்கு இருக்கிறது. அது நம் உடலின் வழக்கமான அமைப்பு. அதை நோய் என்று காட்டி விரித்துத் தருகிறேன் என்பவரிடம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் விரிக்க வேண்டுமா என்று கேட்கலாம்.

"காரணம் எதுவாக இருந்தால் என்ன, விரித்தவர்களுக்குக் குணம் தெரிகிறதே" என்பது அடுத்த வாதம். அதற்கும் நேர்மையான சோதனை நடந்தது. சிரை விரிப்பதில் அதைச் செய்வது எப்படியென்றால், பாதிப் பேருக்கு பலூன் ஊதுவார்கள், மீதிப் பேருக்குக் குழாயை மட்டும் உள்ளே விட்டு பலூன் ஊதாமல் எடுத்துவிடுவார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. பஃபலோவில் சிறிய அளவில் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. பலூன் ஊதியவர்களின் எம்.ஆர்.ஐ.யில் புதிய பாதிப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கனடாவில் நான்கு ஊர்களில் 104 பேரை வைத்து நடந்த சோதனையிலும் 48 வாரம் கழித்து இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஸம்போனியே தலைமையேற்று இத்தாலியில் "பிரேவ் ட்ரீம்ஸ்" என்ற சோதனையை நடத்தினார். விட்டுவிட்டு வரும் வகை எம்.எஸ். உள்ள 115 பேர். நடை, உடல் சமநிலை, கை வேலை, பார்வை, சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா என்று ஐந்தையும் சேர்த்து ஒரு வருடம் அளந்தார்கள். பலூன் ஊதியவர்களில் 41.3% பேருக்கு முன்னேற்றம். ஊதாமல் குழாயை மட்டும் விட்டவர்களில் 48.7% பேருக்கு முன்னேற்றம். இந்தச் சிகிச்சை பெரும்பாலும் பயனற்றது, எம்.எஸ். நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று அவருடைய குழுவே 2017-ல் எழுதி வெளியிட்டது. மனைவிக்காகத் தேடத் தொடங்கிய ஒருவர், தன் பெயரோடு சேர்ந்த யோசனை தோற்றதைத் தானே அளந்து தானே அறிவித்தார். அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. உங்களுக்குப் பலூன் விற்பவர்கள் ஸம்போனியின் 2009-ஐக் காட்டுவார்கள். அவருடைய 2017-ஐக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த 48.7%-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே செய்யாமல் குழாயை விட்டு எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளந்து பார்க்கும்படி முன்னேற்றம். வீடியோவில் "மறுநாளே கை கதகதப்பானது, களைப்பு போய்விட்டது" என்று அழுதவர்கள் பொய் சொல்லவில்லை. எம்.எஸ். தானாக ஏறி இறங்குகிற நோய். மிக மோசமாக இருக்கும்போதுதான் ஒருவர் இவ்வளவு தூரம் கிளம்புவார். அதற்குப் பிறகு பலருக்கும் தானாகவே கொஞ்சம் தேறும். நம்பிக்கை களைப்பைக் குறைக்கும். உடல் சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும், குளிர்ந்தால் குறையும், ஏ.சி. அறையில் நாலு நாள் ஓய்வெடுத்தால் மே மாத வெயிலில் இருந்து வந்தவருக்கு நிச்சயம் நன்றாக இருக்கும். சில மாதத்தில் நோய் தன் வழியில் திரும்பும்போது, "சிரை மறுபடி சுருங்கிவிட்டது, இன்னொரு தடவை விரிக்க வேண்டும்" என்பார்கள். சுருங்குவது உண்மைதான். ஸம்போனியின் ஆரம்பகால நோயாளிகளிலேயே 18 மாதத்துக்குள் கழுத்துச் சிரைகளில் 47% மறுபடி சுருங்கின. அப்படிக் கிளம்பினால் செலவுக்கு முடிவே இருக்காது.

காசு மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. பலூனோடு நிறுத்தாமல், சிரை திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை உள்ளே வைப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது ஒருவருக்குக் கழுத்தில் வைத்த ஸ்டென்ட் நகர்ந்து இதயத்துக்குள் போய்விட்டது. நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொருவர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தில் இருந்தபோது மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அங்கே நிறுத்திவிட்டார்கள். கோஸ்டா ரிகாவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒரு கனடாக்காரர், அதில் ரத்தம் உறைந்து 2010-ல் இறந்தார். தமனிக்காகச் செய்த ஸ்டென்டைச் சிரைக்குள் வைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். தமனி மேலே போகப் போகக் குறுகும், நழுவிய ஸ்டென்ட் எங்காவது மாட்டிக்கொள்ளும். சிரை இதயத்தை நோக்கிப் போகப் போக அகலமாகிறது, நழுவினால் நேராக இதயம்தான். மரணம், பக்கவாதம், ஸ்டென்ட் நகர்வது, சிரை கிழிவது, ரத்தக்கட்டி என்று பட்டியல் போட்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-ல் எச்சரிக்கை விட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2019-ல், எம்.எஸ். நோய்க்கு இதைச் செய்யவே கூடாது என்று வழிகாட்டியது.

சிரை நோய்கள் என்று வேறு உண்மையானவை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். மூளைச் சிரையில் ரத்தம் உறைவது நம் ஊரில் பிரசவத்துக்குப் பிறகு பெண்களிடம் அடிக்கடி பார்க்கிற ஆபத்தான நோய். அதற்கு உடனடி மருந்து வேண்டும். மூளையில் நீரழுத்தம் கூடிப் பார்வை போகிற சிலருக்கு, மண்டைக்குள் இருக்கும் பெரிய சிரையில் ஸ்டென்ட் வைப்பது பலன் தருகிறது. கழுத்துச் சிரையிலேயே ரத்தக்கட்டி வருவதும் உண்டு. இவை எதுவும் எம்.எஸ். இல்லை.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் உண்மையில் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். ஊசி போட்டும் போன வருடம் நோய் திரும்ப வந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். என் கண்ணில் உறுத்துவது அதுதான். இன்டர்ஃபெரான் 1993-ல் வந்த மருந்து. நோய் திரும்பி வருவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல மடங்கு வலுவான மருந்துகள் வந்துவிட்டன. நாட்டலிசுமாப் எதிர்ப்பு அணுக்களை மூளைச் சிரையின் சுவரைத் தாண்ட விடாமல் தடுக்கிறது. ஆக்ரிலிசுமாப், ரிட்டுக்ஸிமாப் இரண்டும் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான பி அணுக்களைக் குறைக்கின்றன. நம் நாட்டில் ரிட்டுக்ஸிமாப் மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிப்பதால் மற்றவற்றைவிட விலை கட்டுப்படியாகும். நரம்பு டாக்டர்கள் பலர் எம்.எஸ். நோய்க்கு அதைத் தருகிறார்கள். ஸ்வீடனில் 200 பேரிடம் நடந்த சோதனையில், டைமெதில் ஃப்யூமரேட் என்ற இன்னொரு எம்.எஸ். மாத்திரை எடுத்தவர்களில் 16% பேருக்கு இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது, ரிட்டுக்ஸிமாப் எடுத்தவர்களில் 3% பேருக்குத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் ரிட்டுக்ஸிமாபை எம்.எஸ். நோய்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பலூனுக்கு என்று எடுத்து வைத்த பணம் இந்தப் பக்கம் போகட்டும்.

எந்த மருந்து என்பதை நரம்பு டாக்டர்தான் முடிவு செய்வார். நீங்கள் கேட்க வேண்டியது, "ஊசியில் இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட்டது, வலுவான மருந்துக்கு மாற்ற வேண்டுமா?" என்பதுதான். மாற்றும் முன் மஞ்சள் காமாலை பி வைரஸ், காசநோய் சோதனைகள் எடுப்பார்கள், சில தடுப்பூசிகள் போடுவார்கள். தங்கைக்குக் குழந்தை பெறும் யோசனை இருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்துத் தேர்வே அதனால் மாறும். எம்.எஸ். வந்த பெண்கள் குழந்தை பெற்று நன்றாக இருக்கிறார்கள், திட்டமிட்டுச் செய்தால் போதும்.

நோயறிதலையும் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கண் மங்கி, தண்டுவடம் பாதித்து வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்.எஸ். இல்லாமல் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய் இருக்கும். ஆசிய நாடுகளில் இதன் பங்கு மேற்கைவிட அதிகம். ரத்தத்தில் அக்வாபோரின்-4, மாக் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், அந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் கூடிவிடும். ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், ஆனாலும் ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நோயின் காரணம் பற்றியும் இப்போது முன்பைவிடத் தெளிவு உண்டு. அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒரு கோடிப் பேரின் ரத்த மாதிரிகளை வைத்து 2022-ல் வந்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. அந்த வைரஸ் நம்மில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது, எல்லோருக்கும் எம்.எஸ். வருவதில்லை, மரபணு, வைட்டமின் டி, புகைபிடித்தல் எல்லாம் சேர வேண்டும். தங்கை செய்த எதனாலும் இது வரவில்லை என்பதை வீட்டில் உரக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் பெண்பிள்ளைகள் இந்தக் குற்ற உணர்ச்சியிலேயே பாதி ஒடிந்துபோகிறார்கள்.

அன்றாடத் தொல்லைகளைப் பற்றியும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். களைப்பு, தசை இறுக்கம், சிறுநீர் அவசரம், மனச்சோர்வு ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. பிசியோதெரபியை விடக் கூடாது. வெயில் நேரத்தில் வேலையைத் தள்ளிப்போடுவது, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது போன்ற சின்ன விஷயங்கள் நிஜமாகவே உதவும். வெயிலில் கண் மங்கி, குளிர்ந்ததும் சரியானால் அது புது தாக்குதல் இல்லை. புதிதாக ஒரு குறை வந்து, காய்ச்சல் எதுவும் இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே போக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் எம்.எஸ். பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைபாட்டின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் கிடைக்கும், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. இந்த நோயோடு பல வருடம் வாழ்கிறவர்களோடு தங்கை ஒரு தடவை பேசினால், அவருக்கு எந்த வீடியோவும் தராத தெம்பு கிடைக்கும்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே சிரையை விரித்துக்கொண்டவர்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். பலூன் மட்டும் வைத்து, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. எம்.எஸ். மருந்தை நிறுத்தியிருந்தால் அடுத்த வாரமே நரம்பு டாக்டரைப் பார்த்துத் திரும்பத் தொடங்குங்கள். ஸ்டென்ட் வைத்திருந்தால் அப்போது கொடுத்த ஸ்டென்ட் விவரக் கார்டைப் பத்திரமாக வைத்திருந்து, எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதெல்லாம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, யார் எத்தனை நாளைக்குச் சொன்னார்கள் என்று தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. கழுத்தில் ஒரு பக்கம் வீங்கினால், முகம் உப்பினால், புதுவிதமான தலைவலி வந்தால், நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினால், விரித்துக்கொண்ட இடத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய், கழுத்துச் சிரையில் ஸ்டென்ட் இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.